வாங்கும் கை

(மலேசியாவில், தாப்பா என்ற ஊரில் ஒரு கோயில் மண்டபத்தில் நவராத்திரி இரவொன்றில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "பட்டை வாழவைப்பது நெய்யும் கையா, வாங்கும் கையா?" வாங்கும் கையே என்ற அணியில் கடைசியாக நான் பேசியது இது.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் மூவருக்கும், கொலு பார்க்க வந்து பட்டிமன்றத்தில் மாட்டிக்கொண்ட பெரியவர்களுக்கும் வணக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் எனக்குச் சீட்டு எடுத்ததில் விழுந்தது. தலைப்பைக் கேட்டதும் என் மகள், "அம்மா, அது தோக்குற பக்கம்மா. காசு கொடுக்குறவங்களுக்கு யாரும்மா கை தட்டுவாங்க?" என்றாள். அவள் சொன்னபடிதான் நடந்தது. எதிரணித் தலைவர் ஐயா காஞ்சிபுரத்துக் குழித்தறியைப் பற்றிப் பேசியபோது மண்டபமே தட்டியது. கால் குழிக்குள்ளே, கண் பாவுக்குள்ளே, நூலோடு ஓடும் நாடா உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று, எதிரே வாங்கிக் கொடுக்க ஒரு பையன் என்று மேடையிலேயே ஒரு சேலையை நெய்து இறக்கிவிட்டார். நானும் தட்டினேன். எங்கள் அணித் தலைவர் என்னை முறைத்தார்.

தட்டியதில் தப்பில்லை. நெய்யும் கைக்குப் பெருமை இல்லையென்று எங்கள் மூவரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நீங்கள் போட்ட கேள்வி பெருமை யாருக்கு என்பதா ஐயா? வாழவைப்பது எது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதையாக, எதிரணி இவ்வளவு நேரம் பெருமையைப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. பாக்கு நல்ல பாக்குதான். வழியைத்தான் இன்னும் சொல்லவில்லை.

தங்கை ஒருத்தி 49 கிராம் அங்கியைப் பற்றி அழகாகச் சொன்னாள். சீனாவில் சாங்ஷா நகரத்துக்குப் பக்கத்தில் மாவாங்துயி என்ற இடத்தில் 1972-ல் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பட்டு அங்கி. கை நீளம், உடல் நீளம் எல்லாம் சேர்த்து 49 கிராம், ஒரு சின்னக் கோழிமுட்டை எடை. செய்து 2,100 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்று அதே மாதிரி நெய்யப் போனவர்களுக்கு எடை கூடிக் கூடி வந்ததாம், ஏனென்றால் இப்போதைய பட்டுப்புழு அந்தக் காலத்துப் புழுவைவிடக் கொழுத்தது, அது விடும் நூலும் தடிப்பு. (புழுவும் நம்மை மாதிரி ஆகிவிட்டது, என்ன செய்ய.) சரி தங்கச்சி, நீ சொன்னதையே நான் கேட்கிறேன். அதை நெய்த கையின் பெயர் என்ன? யாருக்கும் தெரியாது. உடுத்தியவளின் பெயர் தெரியும், ஷின் ஜுயி. இது அநியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நெய்த கை மண்ணாகிவிட்டது, தறி மக்கிவிட்டது. இதை விட்டுப் பிரிய மனமில்லாமல் குழிக்குள்ளும் கூடவே கொண்டு போனாளே ஒருத்தி, அவளால்தான் அந்த அங்கி இன்று நம் வாயில் வருகிறது.

அடுத்து சிலப்பதிகாரத்தை எடுத்தார்கள். புகார் நகரத்திலேயே பட்டு நெய்த காருகர் இருந்தார்கள், நம் கை எவ்வளவு பழைய கை என்று கேட்டார்கள். இருந்தார்கள், சந்தோஷம். எங்கே இருந்தார்கள் என்று கொஞ்சம் தள்ளிப் படித்திருக்கலாம். மருவூர்ப்பாக்கத்தில். அது கடலோரப் பகுதி. கப்பலில் வந்த யவனரும், பிற தேசத்து வணிகரும் தங்கியிருந்த பகுதி. நெய்கிறவர் நல்ல காற்றும் வயலும் பார்த்துத் தறி போடவில்லை ஐயா, வாங்குகிறவன் எந்தத் தெருவில் இறங்குகிறானோ அந்தத் தெருவில் போட்டார்.

இதைவிட நல்ல சாட்சி ஒன்று வைத்திருக்கிறேன். இந்தியாவில் மந்தசோர் என்று ஓர் ஊர், பழைய பெயர் தசபுரம். அங்கே கி.பி. 473-ஐச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. குஜராத் பக்கத்து லாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் கூட்டம் ஒன்று பிள்ளை குட்டிகளோடு கிளம்பி தசபுரத்தில் குடியேறியது. நன்றாகச் சம்பாதித்துச் சூரியனுக்குக் கோயில் கட்டினார்கள். பின்னால் அது பழுதானபோது சரி செய்தார்கள். இதைச் சொல்ல வெட்டிய கல்லில், இடையில் ஒரு செய்தி வருகிறது. ஒரு பெண்ணுக்கு இளமை இருக்கலாம், அழகு இருக்கலாம், பொன்மாலை, வெற்றிலை, பூ எல்லாமே இருக்கலாம். ஆனாலும் பட்டுத்துணி இரண்டு உடுத்தாமல் அவள் காதலனைப் பார்க்கப் போகமாட்டாளாம்!

கோயில் கல்லில் துணிக்கடை விளம்பரம் ஐயா. இன்றைக்குத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே டிவியில் சேலை விளம்பரம் போடுகிறார்களே என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். 1,500 வருஷத்துக்கு முன்னால் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். வெட்டச் சொன்னது யார்? எதிரணி கொண்டாடும் அதே நெய்யும் கைதான். தன்னை வாழவைப்பது யார் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது, எதிரணிக்குத்தான் தெரியவில்லை. அதே கல்வெட்டு இன்னொன்றும் சொல்கிறது. குடியேறி வந்தவர்களில் சிலர் வில்வித்தைக்குப் போனார்கள், சிலர் கதை சொல்லப் போனார்கள், சிலர் சோதிடம் பார்த்தார்கள், சிலர் படைவீரர் ஆனார்கள். எல்லாருக்கும் தறியிலேயே சோறு இருந்திருந்தால், பட்டு நெய்யத் தெரிந்தவன் எதற்கு ஐயா கட்டம் போட்டு ஜாதகம் பார்க்கிறான்?

இனி நம் பக்கத்துக்கு வருவோம். மலாய்க்காரர்களின் பழைய கதைகளிலும் பாட்டுகளிலும் சிண்டாய் என்று ஒரு துணி வரும். வீரன் இடுப்பில் கட்டுவான், கட்டினால் ஆபத்து அண்டாது என்று நம்பிக்கை. அந்தச் சிண்டாய் எங்கிருந்து வந்தது தெரியுமா? குஜராத்தின் படான் நகரத்துப் பட்டோலாதான் அது. நீளத்தில் போகும் பாவு நூல், குறுக்கே போகும் ஊடை நூல் இரண்டையுமே தறியில் ஏற்றும் முன்பு அளந்து அளந்து கட்டிச் சாயம் தோய்த்துவிடுவார்கள். நெய்யும்போது சிவப்பு சிவப்போடும் பச்சை பச்சையோடும் போய்ச் சரியாக உட்கார வேண்டும். மயிரிழை தப்பினாலும் கிளி மூக்கு கோணிப்போகும். ஒரு சேலைக்கு நான்கைந்து மாதம் பிடிக்கும், சிலவற்றுக்கு அதற்கும் மேல்.

அதை டச்சுக் கம்பெனிக்காரன் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், மசாலா விளையும் தீவுகளில் அரசர்களுக்கும் தலைவர்களுக்கும் கொடுத்துக் காரியம் சாதித்தான். அந்தப் பக்கத்து ஃபுளோரஸ், லெம்பாத்தா மாதிரி இந்தோனேசியத் தீவுகளில் அது துணியாக இல்லை, குலச் சொத்தாக ஆயிற்று. யானைத் தந்தமும் பட்டோலாவும் எந்தக் குடும்பத்தில் இருக்கிறதோ அது பெரிய குடும்பம். குஜராத்தில் அந்தச் சந்தைக்கென்றே யானை போட்ட பட்டோலா நெய்தார்கள். காட்டில் யானையே இல்லாத தீவுக்கு யானைச் சேலை! நெய்தவன் மனதில் தோன்றியதா அது? வாங்கியவன் கேட்டான், இவன் போட்டான். இன்று உலகத்து அருங்காட்சியகங்களில் தொங்கும் பழைய பட்டோலாக்களில் நிறைய அந்தத் தீவு வீடுகளிலிருந்து வந்தவை. படானில் இன்று பட்டோலா நெய்யும் சால்வி குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நெய்த ஊரில் தங்காதது வாங்கிய வீட்டுப் பெட்டியில் தங்கியது.

எதிரணித் தம்பி பிரான்சுக்குப் போனார். லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் 1831-ல் தெருவில் இறங்கினார்கள், "உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்" என்று கொடி பிடித்தார்கள் என்றபோது அவருடைய குரல் நடுங்கியது, எனக்கும் ரோமம் சிலிர்த்தது. நான் தோட்டத்துப் பெண், சம்பளத்துக்குப் போராடியவர்களைக் கேலி செய்யும் நாக்கு எனக்கு இல்லை. ஆனால் தம்பி, அவர்கள் யாரோடு சண்டை போட்டார்கள்? பட்டு உடுத்தும் பெண்களோடா? இல்லை. நூலைக் கொடுத்து, கூலியைக் குறைத்து, துணியை வாங்கி விற்ற நடுத்தட்டு வணிகரோடு. கூலிக்கு ஒரு கீழ்வரம்பு வேண்டும் என்று கேட்டார்கள், வணிகர் மறுத்தார்கள். அது வாங்கும் கை இல்லை, பிடுங்கும் கை. அதை எங்கள் கணக்கில் எழுதாதீர்கள்.

அந்த லியோன் பட்டைப் பற்றியே இன்னொன்று சொல்கிறேன். லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்தார்கள். கவன்ட்ரி நகரத்தில் பட்டு ரிப்பன் நெய்தார்கள். 1860-ல் பிரிட்டனும் பிரான்சும் ஒரு வணிக ஒப்பந்தம் போட்டன, பிரெஞ்சுப் பட்டுக்கு வரி போயிற்று. லண்டன் சீமாட்டிகள் லியோன் பட்டுக்குத் தாவினார்கள். அவ்வளவுதான், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸும் கவன்ட்ரியும் சரிந்தன. ஒப்பந்தத்துக்கு முந்தின நாள் இருந்த விரல்தான் மறுநாளும் இருந்தது. விரலில் என்ன குறை?

இப்போது நடுவர் ஐயா, நம் தோட்டத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஜப்பானில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வரலாம்.

1872-ல் ஜப்பான் அரசு தொமியோக்கா என்ற ஊரில் பெரிய பட்டுநூல் ஆலை கட்டியது. சொல்லிக்கொடுக்கப் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். வேலைக்குப் பெண்கள் வர மறுத்தார்களாம். ஏன் என்றால், வெள்ளைக்காரன் ரத்தம் குடிக்கிறான் என்று வதந்தி. அவன் குடித்தது சிவப்பு ஒயின்! கடைசியில் ஆலைத் தலைவர் தன் சொந்த மகளையே முதலில் சேர்த்து மற்றவர்களை வரவழைத்தார். அப்புறம் அந்தப் பெண்கள் எடுத்த நூல் எங்கே போயிற்று? போகப் போகப் பெரும்பங்கு அமெரிக்காவுக்கு. அங்கே பெண்களின் காலுறையாக ஆயிற்று. ஜப்பானின் கிராமம் கிராமமாகப் புழு வளர்த்தது அமெரிக்கக்காரியின் காலுக்காக. 1940 மே 15-ஆம் தேதி அமெரிக்கக் கடைகளில் நைலான் காலுறை விற்பனைக்கு வந்தது. வரிசையில் நின்று வாங்கினார்கள். பிறகு போர் வந்தது, போரும் முடிந்தது, ஆனால் அந்தக் கால்கள் பட்டுக்குத் திரும்பவில்லை. தொமியோக்கா ஆலை 1987-ல் மூடியது. இன்று உலகப் பாரம்பரியச் சின்னம், டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். கூட்டிலிருந்து நூல் எடுக்கிற விரல் ஜப்பானில் மறந்துபோனதாலா மூடினார்கள்?

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. என் அம்மாவின் கையைப் பார்த்தால் போதும். விடியற்காலை நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போவார். மரப்பட்டையில் கத்தியை வைத்து இழுத்தால் சீவல் தாள் கனத்தில் சுருண்டு விழும். அதற்கு மேல் ஆழம் போனால் மரத்துக்குக் காயம், மேலே போனால் பால் வராது. காயம் பட்ட மரத்தைக் கங்காணி சுண்ணாம்பால் குறி போட்டுவிட்டுப் போவார், அம்மாவின் நிரையில் அந்தக் குறி அபூர்வம். இதுவும் பட்டு நெய்வது மாதிரி ஒரு கைதானே ஐயா? அந்தக் கை இன்றும் அப்படியே இருக்கிறது. முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், தூக்கிக் காட்டச் சொன்னால் காட்டுவார். மரம் எங்கே? மொத்தத் தோட்டமும் இப்போது செம்பனை, எண்ணெய்ப் பனை. ரப்பர் விலை விழுந்தது, வாங்குகிறவன் செயற்கை ரப்பருக்கும் போனான், கம்பெனி கணக்குப் பார்த்தது, மரத்தைச் சாய்த்துவிட்டது. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த அத்தனை நல்ல வெட்டுக்காரர்களும் சேர்ந்தாலும் ஒரு மரத்தை நிற்கவைக்க முடியவில்லை. பட்டுப்போன மரத்தைப் பார்த்தவர்கள் நாம். வாங்க ஆளில்லாத பட்டும் பட்டுப்போகும்.

இதோ கைதட்டல், மகளே, கேட்டுக்கொள்.

எதிரணித் தலைவர் ஐயா தலையாட்டுகிறார், "நெய்யத் தெரிந்தவன் இல்லாவிட்டால் எதை வாங்குவாய்?" என்று கேட்கப் போகிறார். நியாயமான கேள்வி. பதில் நம் ஊர் வாசலிலேயே இருக்கிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில் நாம் எத்தனை தடவை வாந்தி எடுத்துக்கொண்டு போயிருப்போம்? அந்த மலையில் 1967 மார்ச் 26-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு, ஒரு வெள்ளைக்காரர் தங்கியிருந்த பங்களாவிலிருந்து உலாவப் போனார். திரும்பி வரவேயில்லை. போலீஸ், ராணுவம், காட்டை அறிந்த ஓராங் அஸ்லி பழங்குடியினர் என்று எல்லாரும் தேடினார்கள். இன்றுவரை ஒரு தடயம் கிடையாது. புலி, கடத்தல், வேவு என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அது கிடக்கட்டும். அவர் பெயர் ஜிம் தாம்சன். தாய்லாந்துப் பட்டை உலகத்துக்குக் காட்டியவர்.

அவருக்குப் பாவு ஏற்றத் தெரியாது. போர் முடிந்த சமயத்தில் அமெரிக்க உளவுத்துறை ஆளாகப் பேங்காக் வந்தவர். அப்போது அங்கே பட்டு நெசவு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. கால்வாய்க் கரையில் பான் குருவா என்ற இடத்தில் சாம் வம்சத்து முஸ்லிம் குடும்பங்கள் சில மட்டும் தறி வைத்திருந்தன. கை இருந்தது, நூல் இருந்தது, தறி இருந்தது. கேட்க ஆளில்லை. இவர் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு 1947-ல் நியூயார்க் போய்ப் பெரிய பத்திரிகை ஆசிரியர்களுக்கு விரித்துக் காட்டினார். அடுத்த வருஷம் கம்பெனி தொடங்கினார். சாயம் போகாத நல்ல சாயத்தைக் கொண்டுவந்தார். பிராட்வே இசை நாடகம் ஒன்றின் உடைகளுக்கு அந்தப் பட்டு போயிற்று. பான் குருவாவில் தறிச் சத்தம் திரும்பவும் கேட்டது. அவரும் நடுவிலே நின்ற வணிகர்தானே, அவர் மட்டும் பிடுங்கும் கை இல்லையா என்று தம்பி கேட்கலாம். அவர் லாபம் பார்க்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஏற்கெனவே இருந்த கைக்கு, இல்லாமல் இருந்த வாங்குகிறவரைத் தேடிக் கூட்டிவந்தார். தறி பிழைத்தது அந்த நாளிலிருந்து.

இன்னும் ஒரே ஒரு வெளிநாடு, பயப்படாதீர்கள். ஆப்பிரிக்காவில் அசாந்தே மன்னர் ஒப்போக்கு வாரே, 18-ஆம் நூற்றாண்டு. அவர் நாட்டில் பட்டு நூல் கிடைக்காது. ஐரோப்பியக் கப்பல் கொண்டுவந்த பட்டுத் துணிகளை வாங்கி, அதை நூல் நூலாகப் பிரிக்கச் சொன்னார். பிரித்த நூலில் தன் ஊர் நெசவாளர்களை நெய்யவைத்தார். கென்டே என்று இன்று உலகமே தோளில் போடும் துணியின் சரித்திரத்தில் இது ஒரு கட்டம். முதலில் வந்தது ஆசை, அதற்குப் பிறகுதான் அங்கே பட்டுத் தறியே.

சொங்கெட்டை விட்டுவிட்டால் நம் மலாய் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். திரெங்கானுவிலும் கிளந்தானிலும் பட்டுப் பாவில் தங்க நூலைக் கோத்து நெய்வது. ஒரு காலத்தில் அரண்மனை உடுப்பு. அரண்மனைகளை மட்டும் நம்பியிருந்தால் எத்தனை தறி ஓடியிருக்கும்? மலாய்க் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு 'ராஜா செஹாரி' என்று பெயர், ஒரு நாள் ராஜா. அன்றைக்கு லோரி ஓட்டும் பையனும் சொங்கெட் கட்டித்தான் உட்காருவான், வாடகைக்கு எடுத்தாவது கட்டுவான். 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சொங்கெட் ஏறியது. ஏற்றிவிட்டதில் அந்த ஒரு நாள் ராஜாக்களுக்கும் பங்கு உண்டு.

எதிரணியின் கடைசி அம்புதான் கூர்மையானது, அதைத் தொடாமல் போனால் நீங்களே என்னை விடமாட்டீர்கள். "இன்றைய வாங்கும் கை போனைத் தடவுகிறது. எழுபது எண்பது வெள்ளிக்குப் பட்டு மாதிரி மினுக்கும் செயற்கைச் சேலையை வாங்குகிறது. கைத்தறியைக் கொல்வதே இந்தக் கைதான்" என்றார்கள். ஆமாம். நானும் வாங்கியிருக்கிறேன். இதோ கட்டியிருப்பதே அதுதான், பேச்சுக்கு வரும் அவசரத்தில் துவைத்துப் போட்டது. ஆனால் ஐயா, இதைச் சொன்னதும் வழக்கு முடிந்துவிட்டதே! கொல்கிற சக்தி இந்தக் கையில் இருக்கிறது என்று எதிரணியே ஒப்புக்கொண்டால், வாழவைக்கிற சக்தி மட்டும் வேறு எங்கே இருக்கும்?

முதல் மணி அடித்துவிட்டது. அம்மாவின் சேலையைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

அம்மாவுக்கு ஒரே ஒரு காஞ்சிபுரம் உண்டு. அரக்கு உடல், பச்சைக் கரை. சம்பள நாளன்று தோட்டத்துக்கு மூட்டையோடு வரும் துணிக்காரரிடம் சொல்லிவைத்து வரவழைத்தது. லயத்துப் பெண்கள் பத்துப் பேர் கூட்டுச் சீட்டு கட்டினார்கள், மாதம் ஆளுக்குப் பத்து வெள்ளி. அம்மாவுக்கு ஏழாவது மாதம் சீட்டு விழுந்தது. வாங்கி வந்த அன்று உடனே தொடவில்லை. விரல் இடுக்கில் காய்ந்த பால் ஒட்டியிருக்குமே, தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து உரித்து, சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, அப்புறம்தான் பிரித்தார். அப்படியும் எங்கள் யாரையும் கிட்டே விடவில்லை.

வெள்ளை வேட்டியில் சுற்றித் தகரப்பெட்டியில் வைப்பார். பூச்சி உருண்டை போடமாட்டார், ஜரிகை கறுத்துவிடுமாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எடுத்து, மடிப்பை மாற்றி மடித்து, நிழலில் காற்றாட விட்டு உள்ளே வைப்பார். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் ஜரிகை ஒடியும் என்பது அவருக்கு யார் சொன்னதோ. அந்தச் சேலையில் எங்கள் லயத்தில் நாலு கல்யாணம் நடந்தது. பட்டுப்புடவையை இரவல் கொடுத்துவிட்டு மணையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்தாளாம் ஒருத்தி என்று பழமொழி சொல்வார்களே, அது என் அம்மாதான். பெண் உட்காரும் இடத்தை எல்லாம் முன்னாலேயே போய்த் துடைத்துவிட்டு வருவார்.

ஜப்பானில் நாரா நகரத்தில் ஷோசோயின் என்று ஒரு மரக் களஞ்சியம். கி.பி. 756-ல் பேரரசி கோம்யோ, இறந்துபோன கணவரின் பொருள்களைப் பெரிய புத்தர் கோயிலுக்குக் கொடுத்தார், அவற்றை இன்றுவரை அந்த வளாகத்திலேயே காக்கிறார்கள். சீனாவிலும் அதற்கு அப்பாலும் நெய்த பட்டு, அந்த ஊர்களிலேயே மிஞ்சாதது, அங்கே நிறம் போகாமல் இருக்கிறது. பேரரசியின் களஞ்சியமும் அம்மாவின் தகரப்பெட்டியும் ஒன்றா என்று சிரிக்காதீர்கள். வேலை ஒன்றுதான்.

சில வருஷத்துக்கு முன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தமிழ்நாடு போனேன். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போக வாய்த்தது. அம்மா பையிலிருந்து அந்தச் சேலையை எடுத்து, "இது உங்க ஊருதாங்களா, பாருங்க" என்றார். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தறியிலிருந்து ஏறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் போட்டுக் கரை சேரும் இடத்தை நகத்தால் தடவினார். "கோர்வை" என்றார், கரையைத் தனி நாடாவில் உடலோடு கோத்து நெய்தது. முந்தி தொடங்கும் இடத்தில் நிறம் மாறும் கோட்டைத் தடவினார். "பிட்னி போட்டது. ஒவ்வொரு பாவு இழையையும் கையால முறுக்கி அடுத்த நிறத்தோட சேர்த்திருக்கான். இப்ப இதுக்கு யாரு நேரம் கொடுக்கறா" என்றார். உள்ளே திரும்பித் தன் மகளைக் கூப்பிட்டார். "இங்க வா, இதைத் தொட்டுப் பாரு. நம்ம வீட்டுல இப்படி ஒண்ணுகூட இல்லை. நெய்ததெல்லாம் போயிடுச்சு."

அந்தப் பெண் முந்தியை விரித்துப் பிடிக்க, அவர் போனில் படம் எடுத்துக்கொண்டார். ஒரு படம் இல்லை, இழை இழையாக எட்டு பத்துப் படம். அம்மா பக்கத்தில் நின்று "கீழ படாம, கீழ படாம" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறுபடி இந்த முந்தி போட்டு ஒன்று நெய்வீர்களா என்று நான் கேட்டேன்.

"நெய்யலாம்மா, கைக்கு மறக்கலை" என்றார் அவர். "வாங்க ஆள் இருந்தா சொல்லுங்க."

இரண்டாவது மணியும் அடித்தாயிற்று நடுவர் ஐயா. வணக்கம்.